முகப்பா, கூடமா? சார்லஸ் ஹோல்டனின் ரயில் நிலையங்களை ரசிக்க

லண்டனுக்குப் போய்வரும் நம்மவர்கள் கோபுரப் பாலத்தைப் பார்க்கிறார்கள், அரண்மனை வாசலில் நின்று படம் எடுக்கிறார்கள், மெழுகுச் சிலைகளோடு தோள் உரசிவிட்டு வருகிறார்கள். இத்தனை இடங்களுக்கும் போக ஏறி இறங்கிய சுரங்க ரயில் நிலையங்களைப் பற்றிக் கேட்டால் மட்டும் பதில் இல்லை. ரயில் வரைபடம் அச்சிட்ட காபிக் கோப்பையை வாங்கி வந்திருப்பார்கள். அந்த வரைபடத்தில் புள்ளியாக நிற்கும் நிலையங்களுக்குள் போய் அண்ணாந்து பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. கட்டடக்கலை என்றாலே பட்டம் வாங்கியவர்களின் விஷயம் என்று ஒரு பயம். சார்லஸ் ஹோல்டனை ரசிக்க ஒரு நாள் பயணச்சீட்டும் கொஞ்சம் கழுத்து வலியும் போதும்.

அடிப்படைத் தகவல்களைச் சட்டென்று முடித்துக்கொள்ளலாம். 1875-இல் இங்கிலாந்தின் போல்டன் பகுதியில் பிறந்தவர். மருத்துவமனைகள் கட்டினார், பிரிஸ்டல் நகருக்கு 1906-இல் ஒரு நூலகம் கட்டினார். முதல் உலகப் போரில் இறந்த வீரர்களுக்காக 69 கல்லறைத் தோட்டங்களை வடிவமைத்தார். 1920-களில் லண்டன் சுரங்க ரயில் நிறுவனத்தின் ஃபிராங்க் பிக்கோடு சேர்ந்தார். நிலையங்கள் தொடங்கியது அங்கேதான். 1936-இல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் சங்கத்தின் தங்கப் பதக்கம் கிடைத்தது. ‘சர்’ பட்டத்தை இரண்டு முறை மறுத்தார். கட்டடம் என்பது பலர் சேர்ந்து செய்யும் வேலை என்பது அவர் எண்ணம். 1960-இல் மறைந்தார். போதும்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இரண்டு கதைகளை விடுவதேயில்லை. லண்டன் பல்கலைக்கழகத்துக்கு அவர் கட்டிய செனட் ஹவுஸ், ஆர்வெல்லின் நாவலில் வரும் உண்மை அமைச்சகத்துக்கு முன்மாதிரி என்பது ஒன்று. ரயில் நிறுவனத்தின் தலைமையகமாக இருந்த 55 பிராட்வே கட்டடத்தில் எப்ஸ்டைன் செதுக்கிய நிர்வாணச் சிலை 1929-இல் ரகளையைக் கிளப்ப, கடைசியில் அதன் குறிப்பிட்ட உறுப்பில் ஒன்றரை அங்குலத்தை வெட்டிக் குறைத்தது மற்றொன்று. இரண்டுமே விருந்தில் சொல்லிச் சிரிக்க நல்ல கதைகள். ஆனால் அந்த மனிதர் ஒரு கூரையை எப்படி நிறுத்தினார் என்பதற்கு இவற்றில் பதில் கிடைக்காது.

அதற்கு முதலில் ஒரு வேறுபாடு பிடிபட வேண்டும். ஹோல்டனின் நிலையங்களையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி ‘ஆர்ட் டெக்கோ’ என்று சீட்டு ஒட்டிவிடுவது இன்றைய நாகரிகம். உண்மையில் அவை இரண்டு ஜாதி: முகப்பு நிலையம், கூட நிலையம்.

முகப்பு நிலையங்களைப் பார்க்க லண்டனின் தெற்கே போக வேண்டும். கிளாப்பம் சவுத்திலிருந்து மார்டன் வரை 1926-இல் திறக்கப்பட்ட ஏழு நிலையங்கள் இந்த வகை. வெள்ளை போர்ட்லண்ட் கல்லில் தெருவைப் பார்த்து நிமிர்ந்த ஒரு திரை. நடுவே பெரிய கண்ணாடி ஜன்னல். ஜன்னலில் நிறுவனத்தின் வட்டச் சின்னம். அந்த ஜன்னலைப் பிரிக்கும் தூண்களின் தலையிலும் அதே சின்னம்தான், கல்லில் உருண்டு திரண்டு நிற்கிறது. இந்தத் திரையை மனைக்கேற்ப மடிக்கலாம். டூட்டிங் பிராட்வேயில் அது உள்பக்கமாக வளைகிறது. பால்ஹம் நிலையத்தில் தெருவின் இரு மூலைகளிலும் இரட்டையாக நிற்கிறது. ஈழத் தமிழர்கள் நிறைந்த டூட்டிங்கில் தோசைக்கடைக்குப் போகிற வழியில் தினமும் பலர் இதைக் கடந்துதான் போகிறார்கள். நிமிர்ந்து பார்ப்பவர் எத்தனை பேரோ! முகப்புக்குப் பின்னால் என்ன இருந்தாலும், மேலே என்ன வந்தாலும் அதற்குக் கவலையில்லை. கிளாப்பம் சவுத்தின் தலைமேல் 1930-களில் அடுக்குமாடிக் குடியிருப்பே வந்துவிட்டது, முகப்பு அசையவில்லை.

கூட நிலையம் இதற்கு நேர் எதிர். அதற்குத் தெருவைப் பார்க்கும் முகம் என்று தனியாக ஒன்று கிடையாது. உள்ளே ஒரு பெரிய அறை. அந்த அறையின் தோல்தான் வெளியே தெரிகிறது. 1931-இல் திறந்த சட்பரி டவுனைச் செங்கல் பெட்டி, கான்கிரீட் மூடி என்று ஹோல்டனே சொன்னார். அடக்கமான மனிதர், குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார். உள்ளே போய் நின்றால், செங்கல் சுவர்களுக்கு நடுவே உயர எழும் ஜன்னல்கள் வழியே நாலா பக்கமும் வெளிச்சம் இறங்குகிறது. சுவரில் ஒரு கடிகாரமும் காற்றழுத்தமானியும் உண்டு. ரயிலுக்குக் காத்திருப்பவருக்கு மழை வருமா என்றும் சொல்ல வேண்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

அடுத்த ஆண்டு ஆர்னோஸ் குரோவ். தாழ்ந்த அடித்தளத்தின் மேல் செங்கல்லும் கண்ணாடியுமாக ஓர் உருளை. உள்ளே வட்டக் கூடத்தின் நடுவில் ஒரே ஒரு கான்கிரீட் தூண் கூரையைத் தாங்குகிறது. அதன் காலடியில்தான் பழைய டிக்கெட் கூண்டு. வருகிறவர் அதைச் சுற்றிக்கொண்டுதான் ரயிலுக்குப் போக வேண்டும். தூண், வெளிச்சம், கூட்டத்தின் நடை மூன்றையும் ஒரே கோட்டில் முடிந்துவைத்திருக்கிறார். சவுத்கேட்டும் வட்டம்தான். ஆனால் அங்கே கண் கூரை உச்சியின் அலங்கார விளக்குக்குத்தான் போகும். படம் பிடிப்பவர்கள் சவுத்கேட்டைக் கொண்டாடுவதன் ரகசியமும் அதுவே.

எந்த நிலையம் எந்த ஜாதி என்று சந்தேகம் வந்தால் இருட்டிய பிறகு போய்ப் பார்க்கலாம். முகப்பு நிலையத்துக்கு வெளிச்சம் வெளியிலிருந்து வரும்: வெள்ளைக் கல்லின்மேல் விளக்கை அடிப்பதற்காகவே அது கட்டப்பட்டது. கூட நிலையம் உள்ளிருந்து ஒளிர்ந்து ஜன்னல் வழியே தெருவுக்கு வெளிச்சம் தரும்.

இங்கே விமர்சகர்களோடு ஒரு கணக்கைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. 1930 கோடையில் பிக்கும் ஹோல்டனும் ஜெர்மனி, டென்மார்க், ஹாலந்து, ஸ்வீடன் நாடுகளைச் சுற்றிவந்தார்கள். திரும்பியதும் சட்பரி டவுன் பிறந்தது. ஆகவே ஐரோப்பாதான் அவரை மாற்றியது என்று புத்தகத்துக்குப் புத்தகம் எழுதிவைத்திருக்கிறார்கள். ஆர்னோஸ் குரோவைப் பார்த்ததும் ஸ்டாக்ஹோம் நகர நூலகம் என்பார்கள். அந்தச் சாயல் இருப்பது உண்மை. செங்கல்லும் ஜன்னலும் உருளையும் பயணத்தின் வரவு என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கூடம்?

அது பயணத்துக்கு ஒன்றரை வருடம் முன்பே லண்டனின் நட்டநடுவில், மண்ணுக்கு அடியில் கட்டி முடிந்துவிட்டது. பிக்காடில்லி சர்க்கஸில் 1906 முதல் லெஸ்லி கிரீன் கட்டிய சிவப்பு ஓட்டு நிலையம் இருந்தது. பளபளக்கும் ஓடு, வளைவு ஜன்னல் என்று அசல் முகப்பு. கூட்டம் தாங்காமல் சந்திப்புக்குக் கீழே புது நிலையம் தோண்டியபோது, ஹோல்டனுக்கு மேலே ஒரு கல் வைக்கக்கூட இடமில்லை. தெருவில் படிக்கட்டு வாய்கள் மட்டும். அவர் கீழே நீள்வட்டத்தில் ஒரு கூடம் அமைத்தார்: டிராவர்டைன் கல் சுவர், தூண் வரிசை, ஓரத்தில் கடைக் கண்ணாடிகள், நடுவிலிருந்து இறங்கும் எஸ்கலேட்டர்கள். 1928 டிசம்பரில் திறந்தார்கள். முகமே இல்லாமல் ஒரு நிலையம் கம்பீரமாக இருக்கலாம் என்று அவர் கற்றது அங்கே. முகப்பு மறுக்கப்பட்ட இடத்தில் கூடம் பிறந்தது. பிறகு அதை மண்ணுக்கு மேலே கொண்டுவந்து ஜன்னல் வைத்தார். விமர்சகர்கள் பெர்லினையும் ஸ்டாக்ஹோமையும் தேடிப் போகும் நேரத்தில் இந்தப் படிக்கட்டில் ஒருமுறை இறங்கியிருக்கலாம்.

இன்றைய ரசனைக்கு முகப்புகூடப் போதவில்லை, இறக்கை வேண்டியிருக்கிறது. நியூயார்க்கில் கலத்ராவா கட்டிய வெள்ளை இறக்கை நிலையம் 2016-இல் திறந்தபோது செலவு ஏறத்தாழ 400 கோடி டாலர். படத்துக்குப் பிரமாதமாக இருக்கும்; பயணிகூட அங்கே படத்துக்குத்தான் நிற்கிறார்.

இவ்வளவு தூரம் வந்தவர்களுக்காக ஒரு சங்கதி. எல்லோரும் ஆர்னோஸ் குரோவோடு முடித்துக்கொள்வார்கள். 2011-இல் அதன் பாதுகாப்புத் தகுதியை உயர்த்தியபிறகு கூட்டம் இன்னும் அங்கேதான். அதை நடுவில் வைத்துக்கொண்டு, கடைசியாகக் கிழக்கே சென்ட்ரல் பாதையில் கான்ட்ஸ் ஹில்லுக்குப் போக வேண்டும். ரவுண்டானாவுக்கு அடியில் ஒளிந்திருக்கும் நிலையம் அது. மேலே கட்டடமே இல்லை. போரின்போது அந்தச் சுரங்கத்தில் விமான உதிரிப் பாகங்கள் செய்தார்கள்; 1947 டிசம்பரில்தான் ரயில் வந்தது. இரண்டு பிளாட்பாரங்களுக்கும் நடுவே வளைகூரையுடன் நீண்ட, உயர்ந்த கூடம். மாஸ்கோ மெட்ரோவின் பாதிப்பு அதில் இருப்பதால் ‘நகல்’ என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் உண்டு. மாஸ்கோவின் சரவிளக்குகளும் சிற்பங்களும் இங்கே எங்கே என்று அவர்களைக் கேட்க வேண்டும். அத்தனையையும் கழித்துவிட்டு அளவையும் வெளிச்சத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டார் ஹோல்டன். அலுவலக நேரத்தைத் தவிர்த்துப் போவது நல்லது. கூட்டம் இறங்கிப் போகும்வரை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, பிறகு கூடத்தின் முழு நீளமும் நடந்து பார்க்கலாம். அப்படியே பிளாட்பாரக் கடிகாரத்தையும் கவனிக்கலாம்: அதில் எண்களுக்குப் பதிலாகக் குட்டிக் குட்டி வட்டச் சின்னங்கள் இருக்கும்.