டானன்பெர்க்: பழமையின் வேடமிட்ட புதிய எழுத்து

கோணங்களாக முறியும் செருமானிய அச்செழுத்தைக் குறித்த உரையாடல் பெரும்பாலும் இரு வாதங்களுக்குள் அடங்கிவிடுகிறது. அது நாசிகளின் எழுத்து என்பது ஒன்று. நாசிகளே அதனைத் தடைசெய்தனர், ஆதலின் அதன்மேல் பழியில்லை என்பது மற்றொன்று. பல நூற்றாண்டு வரலாறுடைய ஓர் எழுத்துக் குடும்பம் முழுவதையும் ஒரே பொருளாகக் கொள்வது இவ்விரண்டுக்கும் பொதுவான குறை. எரிக் மேயர் வடிவமைத்து, 1930களின் நடுப்பகுதிக்குள் பிராங்க்பர்ட்டின் ஷ்டெம்பெல் வார்ப்பகம் வெளியிட்ட டானன்பெர்க் எழுத்துரு இக்குறையைத் தெளிவாகக் காட்டுகிறது.

கூட்டன்பர்க் தம் 42 வரி விவிலியத்திற்குக் கொண்ட டெக்ஸ்டுரா, சுவடி எழுதுவோரின் கையைப் பின்பற்றியது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருப்பெற்ற ஃபிராக்தூரிலும் இறகுப் பேனாவின் அசைவு தெரியும். தடித்த கீற்றும் மயிரிழைக் கீற்றும் மாறிமாறி வரும். தலைப்பெழுத்துகளில் செருமானியர் ‘யானைத் துதிக்கை’ என அழைக்கும் வளைகீற்று நெளிந்து இறங்கும். டானன்பெர்க்கில் மயிரிழையும் இல்லை, துதிக்கையும் இல்லை. ஏறக்குறைய ஒரே தடிப்புள்ள செங்குத்துத் தண்டுகளும், அவற்றின் முனைகளில் சாய்வாக வெட்டிய கோணங்களுமே எஞ்சுகின்றன. உண்மையில் இது 20ஆம் நூற்றாண்டின் அலங்காரமற்ற கிரோட்டெஸ்க் எழுத்து. முறிந்த எழுத்தின் எலும்புக்கூட்டை மட்டும் கடன் வாங்கியிருக்கிறது. அச்சுத் தொழிலாளர் இவ்வகைக்கு இட்ட பெயர் ‘நெடும்பூட்ஸ் கிரோட்டெஸ்க்’. ஆய்வாளர் எவரும் இதனினும் கூர்மையாகச் சொல்லிவிடவில்லை என்றே தோன்றுகிறது.

பெயர்களும் இதற்குச் சான்று. டானன்பெர்க், 1914இல் செருமனி உருசியப் படையை வென்ற போரின் பெயர். அதன் உடன்பிறப்புகளான எழுத்துருக்கள் நாஷனல், டாய்ச்லாண்ட் என அழைக்கப்பட்டன. சுவரொட்டியிலும் தொடர்வண்டி நிலையப் பெயர்ப்பலகையிலும் தொலைவிலிருந்து படிக்கப்படுவதற்கு ஏற்றதாக இவ்வெளிமை அமைந்தது. அதாவது, தொன்மை என அறிவிக்கப்பட்டதை நவீன விளம்பரத்தின் தேவையே வடித்தது.

1941 சனவரி 3 நாளிட்ட போர்மனின் சுற்றறிக்கை முறிந்த எழுத்துகளை ‘யூத எழுத்து’ எனப் பழித்து விலக்கியது. அக்கூற்றுக்கு வரலாற்று ஆதாரம் ஏதுமில்லை. அந்த அறிக்கையின் தலைப்புத்தாளே முறிந்த எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது! கைப்பற்றிய நாடுகளில் படிக்கப்படவேண்டும் என்னும் ஆட்சித் தேவை இதன் பின்னணியில் இருந்ததாக ஆய்வாளர் பலர் கருதுவர். எவ்வாறாயினும், யூத வெறுப்பைக் காரணமாகச் சொல்லும் ஓர் ஆணையை அவ்வெழுத்தின் தூய்மைக்குச் சான்றாகக் காட்டுவது விந்தையான வாதம்.

எனவே இன்றைய வடிவமைப்பாளரிடம் ‘பிளாக்லெட்டர் பயன்படுத்தலாமா?’ என்று வினவுவதில் பயன் குறைவு. எந்த பிளாக்லெட்டர் என்று வினவ வேண்டும். நியூயார்க் டைம்ஸ் இதழின் முகப்பெழுத்து வேறு மரபினது. அதனை இப்பழியில் சேர்ப்பது அறியாமை. ஆனால் பீர்ப்புட்டியின் மேல் ‘பழைய செருமானியச் சுவை’ என்று காட்ட டானன்பெர்க்கைத் தேர்பவர், இடைக்காலம் என்று எண்ணி 1930களை ஒட்டுகிறார்.