பொலிகுதிரை இலவசம், பெட்டை யார் செலவு?

வெள்ளைக்காரன் போட்ட ரயிலையும் வெட்டிய வாய்க்காலையும் புகழ்ந்து அலுத்துப்போனவர்கள் இப்போது அவன் வளர்த்த குதிரைகளுக்கு வந்திருக்கிறார்கள். பஞ்சாபின் கால்வாய்க் குடியேற்றங்களில் ஆங்கிலேய அரசு உயர்ரகப் பொலிகுதிரைகளை நிறுத்தி, காலணா வாங்காமல் விவசாயிகளின் பெட்டைக் குதிரைகளோடு சேர விட்டதாம். அராபிய ரத்தமும் தரோபிரெட் ரத்தமும் அப்படித்தான் கிராமத்துக்கு வந்ததாம். இதைவிட நல்ல வேளாண் பணி உண்டா என்று கேட்கிறார்கள். பழைய ரெஜிமென்ட்காரர்களின் பெருமிதம் இது. குதிரையேற்றம் மறுபடி வசதிக்காரர்களின் பொழுதுபோக்காகிவிட்ட இந்நாளில் நம்மூர்க் குதிரைப் பிரியர்களும் அதையே திருப்பிச் சொல்கிறார்கள்.

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்தப் பொலிகுதிரைகள் நல்ல குதிரைகள்தாம். அவற்றோடு கால்நடை மருத்துவமும் வந்தது. 1882இல் லாகூரில் கால்நடைக் கல்லூரி தொடங்கியது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னதாக, தேரா இஸ்மாயில் கானில் கிரிஃபித் எவன்ஸ் என்ற ராணுவக் கால்நடை மருத்துவர் குதிரைகளையும் ஒட்டகங்களையும் கொன்றுவந்த சுர்ரா நோயின் கிருமியைக் கண்டுபிடித்தார். அதன் பயன் குதிரைப் படையோடு நின்றுவிடவில்லை. நல்ல குட்டி ஈன்ற வீட்டுக்குக் கையில் நாலு காசு கிடைத்ததும் உண்மை.

ஆனால் இனவிருத்தி என்றதும் எல்லோர் கண்ணும் பொலிகுதிரை மேலேயே போய் நிற்பதை நான் நெடுநாளாக ஆட்சேபித்து வருகிறேன். பொலிகுதிரையின் வேலை சில நிமிடம். பதினொரு மாதம் சுமப்பது பெட்டை. பால் கொடுப்பதும் அதுதான். பிறந்த குட்டி சேணம் தாங்கும் வயதுக்கு வர இன்னும் மூன்று, நான்கு வருஷம். இவ்வளவுக்கும் கொள்ளும் கடலையும் பசுந்தீவனமும் கொட்டியவன் யார் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது.

கம்பெனி காலத்தில் இந்தக் கேள்விக்கு ஓரளவாவது பதில் இருந்தது. 1808இல் பீகாரின் பூசா குதிரைப் பண்ணைக்குப் பொறுப்பேற்ற வில்லியம் மூர்க்ராஃப்ட், பொலிகுதிரைப் பித்துத் தலைக்கேறியவர். நல்ல ஆண்குதிரை தேடி புகாரா வரை போய், திரும்பும் வழியில் 1825இல் உயிரையும் விட்டார். ஆனாலும் அவர் பூசாவில் ஓட்ஸ் பயிரிட்டார். குதிரை விதையால் மட்டும் வளர்வதில்லை, வயிற்றாலும் வளர்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. (நம் ஒசூரில் கம்பெனி 1824இல் தொடங்கிய பண்ணையும் ராணுவக் குதிரைக்காகத்தான், பிறகுதான் அது மாட்டுப் பண்ணை ஆயிற்று.) இந்தப் பண்ணைகள் செலவைத் தின்கின்றன என்று 1870களில் வடக்கே அவற்றைக் கலைத்தார்கள். பொலிகுதிரைகளை மட்டும் அரசு தன் கையில் வைத்துக்கொண்டு மாவட்டம் மாவட்டமாக அனுப்பியது. அதிகாரி பார்த்துத் தேறிய பெட்டைக்குச் சூட்டுக்குறி போடப்பட்டது. குறி இருந்தால் சேர்க்கை இலவசம். அதற்கு மேல் எல்லாச் செலவும் விவசாயி தலையில். இதைத்தான் தாராள மனம் என்கிறார்கள்.

இதுவரைக்கும்கூட மன்னித்துவிடலாம், விருப்பம் இல்லாதவன் தன் பெட்டையை ஓட்டிவராமல் இருந்துவிட முடிந்தது. கீழ் ஜீலம் குடியேற்றத்தில் அந்த வழியும் அடைபட்டது.

கீழ் ஜீலம் கால்வாயில் 1901இல் தண்ணீர் வந்தது. ஷாபூர் மாவட்டத்தில், பிற்பாடு சர்கோதா நகரம் எழுந்த பக்கம் அது. முந்தைய செனாப் குடியேற்றம் போல இங்கும் சாதாரண உழவர்களுக்கு நிலம் தருவதாகத்தான் திட்டம். அதற்குள் தென்னாப்பிரிக்கப் போர் குறுக்கிட்டது. லட்சக்கணக்கில் குதிரைகள் செத்தன. குதிரை, கோவேறு கழுதை வளர்ப்புக்கென ஒரு கமிஷன் உட்கார்ந்தது. நிலம் வேண்டுமானால் ராணுவத்துக்கு ஏற்ற பெட்டைக் குதிரை ஒன்றை வளர்த்தாக வேண்டும் என்ற நிபந்தனை கடைசி நேரத்தில் ஏறியது. பஞ்சாப் அரசின் சொந்த அதிகாரிகளே வேண்டாம் என்றார்கள். ராணுவம் கேட்டது நடந்தது.

பெட்டை பருவத்துக்கு வருவது வசந்த காலத்தில். பஞ்சாபில் கோதுமை முற்றி அறுவடை தொடங்குவதும் பைசாகியை ஒட்டித்தான். கதிர் உதிர்வதற்குள் அறுத்தாக வேண்டிய நாளில், வீட்டில் கைக்கு உதவும் ஓர் ஆள் பெட்டையைப் பிடித்துக்கொண்டு பொலிகுதிரை நிற்கும் இடத்துக்கு நடக்க வேண்டும். அங்கே பின்னங்கால்களைக் கயிற்றால் கட்டி நிறுத்தி, இரண்டு ஆள் தலையைப் பிடிக்க, சேர்க்கை முடியும். சினை பிடித்ததா என்று தெரிய மூன்று வாரம் கழித்து மறுபடி வர வேண்டும். பிடிக்காவிட்டால் இன்னொரு முறை. இந்த நடையையெல்லாம் யாரும் செலவுக் கணக்கில் எழுதியதில்லை.

இனி தீவனம். நானூறு கிலோ எடையுள்ள பெட்டை நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து கிலோ உலர்தீவனம் தின்னும். சினையானால், குட்டி போட்டால், தானியமும் கூடும். அவன் உழுவது மாட்டால். ஆக ஏர்மாட்டுக்கும் போட வேண்டும், ஏரில் பூட்டாத குதிரைக்கும் போட வேண்டும். கோதுமையோ பருத்தியோ விளைந்து காசாகியிருக்க வேண்டிய நிலத்தில் ஒரு பங்கு குதிரையின் வயிற்றுக்குள் போனது. மாப்பிள்ளை அழைப்புக்கு இரவல் நகை தந்துவிட்டு, கல்யாணச் செலவு முழுவதையும் பெண்வீட்டார் தலையில் கட்டிய கதைதான் இது.

குட்டியாவது அவனுடையதா? வாங்கும் முதல் உரிமை ராணுவக் குதிரைத் துறைக்கு. துறை வேண்டாம் என்று கழித்ததைத்தான் வெளியே விற்கலாம். பெட்டை செத்தால் சொந்தக் காசில் வேறொன்று வாங்கி நிறுத்த வேண்டும். தவறினால் நிலத்துக்கே ஆபத்து. நிலம் துண்டுபட்டால் குதிரைக்குத் தீவனம் எங்கிருந்து வரும் என்று, ஒரே ஒரு வாரிசுக்கு மட்டும் நிலம் என்ற விதியையும் கொண்டுவந்தார்கள். எல்லா மகன்களுக்கும் சமமாகப் பங்கு பிரிக்கும் வழக்கமுள்ள ஊரில், மூத்தவன் நிலக்காரன், தம்பிகள் வெறுங்கையர். ஒரு குதிரையைக் காப்பாற்ற அண்ணன் தம்பிகளைப் பகையாளிகளாக்கிய இந்த ஏற்பாட்டை எந்த வம்சாவளிப் பதிவேட்டில் தேடுவது?

லாலா லஜபதி ராய் மாண்டலேக்கு நாடுகடத்தப்பட்டதைப் பாரதி பாடியதால் 1907 நமக்கு நினைவிருக்கிறது. அந்த ஆண்டு பஞ்சாப் விவசாயிகள் நடத்திய கிளர்ச்சிக்குத் தண்ணீர் வரி, செனாப் பகுதிக்கு வந்த குடியேற்ற மசோதா என்று காரணங்கள் பல. குதிரையே காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் வாரிசுரிமை முதல் வீட்டுக்காரியம் வரை நிலத்தைச் சாக்கிட்டு அரசு கைவைக்கும் என்ற கோபம் எல்லாவற்றுக்கும் பொது. மசோதாவுக்கு வைஸ்ராய் மின்டோ ஒப்புதல் மறுத்துவிட்டார். ஜீலத்துக் குதிரை நிபந்தனை மட்டும் அசையவில்லை.

நிலம் இலவசமாகக் கிடைத்ததே, அதற்கு ஈடாக ஒரு குதிரை வளர்க்கக் கூடாதா என்பது வக்காலத்துக்காரர்களின் கடைசி அம்பு. நிலம் சும்மா கிடைக்கவில்லை. அதற்கு வரியும் தண்ணீர்த் தீர்வையும் கட்டினான். குதிரை அவற்றுக்கு மேல் விழுந்த மூன்றாவது வரி. அந்த வரியாலாவது ராணுவத்தின் பசி தீர்ந்ததா? பிரிட்டிஷ் குதிரைப் படைக்கும் பீரங்கிப் படைக்கும் ஆஸ்திரேலியாவிலிருந்து ‘வேலர்’ குதிரைகள் கப்பலில் வந்துகொண்டேதான் இருந்தன. 1930களின் கடைசியில் குதிரைப் படைகள் மோட்டார் வண்டிக்கு மாறத் தொடங்கின.

அராபியக் குதிரையின் கழுத்து வளைவைப் பற்றி எழுதுகிறவர்கள், அந்தக் குடியேற்றத்தில் ஒரு பெட்டைக்கு ஒதுக்கிய நிலத்தில் முப்பது வருஷம் கோதுமை போட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று ஒரு கணக்குப் போடட்டும். பொலிகுதிரைக்குக் கட்டணம் வாங்கவில்லை என்ற பெருமையை அதற்குப் பிறகு பேசலாம்.