உப்புக்காற்றில் மாடல் வருஷம்

பழவேற்காட்டுப் பக்கம் ஒரு சரக்கு ஆட்டோ கைமாறும்போது, வாங்க வந்தவர் வண்டியைச் சுற்றிப் பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிடுவார்: “என்ன மாடல்ண்ணே?” கம்பெனிப் பெயரை அவர் கேட்கவில்லை, அதுதான் முன்னால் எழுதியிருக்கிறதே. 2016, 2019, 2021 என்று ஒரு வருஷத்தைக் கேட்கிறார். எத்தனை ஓனர், எஃப்.சி. என்ற தகுதிச் சான்று எதுவரைக்கும், இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்பதெல்லாம் பிறகு. விலையின் அடித்தொகையை அந்த வருஷம் தீர்மானித்துவிடுகிறது. மீதிக் கேள்விகளுக்கு ஏற்ப ஆயிரம் இரண்டாயிரம் கூடும், குறையும்.

பழவேற்காடு ஏரிக்கரை மீனவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. பசியாவரம், இடமணி, ரகமத் நகர் போன்ற ஊர்களில் பிடிக்கும் இறாலும் நண்டும் மடவையும் படகில் பழவேற்காட்டுக் கரைக்கு வந்து, அங்கிருந்து மூன்று சக்கரத்திலோ, குட்டியானை என்னும் சிறு சரக்கு வண்டியிலோ பொன்னேரிக்கும் சென்னைக்கும் போகின்றன. மழைக்காலத்தில் ஏரி நிரம்பினால் படகை விட்டால் வேறு வழியில்லாமல் கிடந்து, பாலம் கேட்டு வெகுகாலம் காத்திருந்த ஊர் பசியாவரம். அப்படிப்பட்ட இடத்தில் வண்டி என்பது படகுக்கும் வலைக்கும் அடுத்த பெரிய முதலீடு. வருஷத்தை வைத்து அதற்கு விலை சொல்லும் பழக்கம் இவர்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது?

பழக்கம் இங்கே பிறந்ததல்ல. ஒரே மாடல் டி காரை 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் செய்து விற்றார் ஹென்றி ஃபோர்டு. அவரை வீழ்த்த ஜெனரல் மோட்டார்ஸின் ஆல்ஃபிரட் ஸ்லோன் கையாண்ட உத்திகளில் முக்கியமானது, வருஷாவருஷம் காரின் தோற்றத்தை மாற்றுவது. போன வருஷக் கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே பழசாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். இதே முறை மூன்று சக்கர மோட்டார் சைக்கிளுக்கும் வந்தது. கனடாவின் பி.ஆர்.பி. நிறுவனம் 2007-இல் கேன்-ஆம் ஸ்பைடரைக் கொண்டுவந்தது. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் புது மாடல் வருகிறது, ஒவ்வொரு வருஷமும் அதன் ஓட்டிகள் கூடிக்கூடி எடைபோடுகிறார்கள். 2013-இல் பிரெம்போ பிரேக்கும் பெரிய முன்சக்கரமும் வந்தன. 2014-இல் நெடும்பயண மாடலுக்கு 1330 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சின் வந்தது. இரண்டும் மெய்யான மாற்றங்கள், காசு கொடுக்கத் தகுந்தவை. இடையில் கடந்துபோன பல வருஷங்களில் புது நிறத்துக்கும் புதுப் பெயருக்கும் மேலாகச் சொல்ல அதிகம் இல்லை. காத்திருக்கத் தெரிந்த ஓட்டி, எஞ்சின் மாறிய வருஷத்தையும் வண்ணம் மாறிய வருஷத்தையும் பிரித்தறிந்துவிடுகிறார். அவருக்கு அது ஞாயிற்றுக்கிழமை வண்டி, அதனால் காத்திருக்க முடியும்.

நம் ஊர் மூன்று சக்கர வண்டியின் வரலாறு இதற்கு நேர் எதிர். இத்தாலியில் 1948-இல் பியாஜியோ நிறுவனம் ஸ்கூட்டருக்குப் பின்னால் சரக்குத் தட்டைப் பொருத்தி ‘ஆப்பே’ என்று விற்றது. அதன் வழித்தோன்றல்கள்தாம் நம் சாலைகளில் ஓடுபவை. பஜாஜின் பின்எஞ்சின் ஆட்டோ 1977-இல் வந்தது. இன்று ஸ்டாண்டில் நிற்கும் பஜாஜ் ஆர்.இ.யை அதன் பக்கத்தில் நிறுத்தினால் ஒரே குடும்பம் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சனின் சர்வி-கார் என்ற மூன்று சக்கர மோட்டார் சைக்கிளும் இப்படித்தான், 1932 முதல் 1973 வரை ஏறக்குறைய ஒரே எஞ்சினோடு ஓடியது. மெக்கானிக் கடைகளும் போலீஸாரும் வாங்கினார்கள். உழைப்பு வண்டி வாங்குகிறவருக்கு அழகு பற்றி அவசரம் கிடையாது.

மாறாமல் இருப்பதில் உள்ள லாபம் பெரிது. 2009 வண்டிக்குத் தேவையான கிளட்ச் கேபிள் பொன்னேரியில் கிடைக்கும். எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவார். டிரைவர் மாறினால் புதிதாகப் பழக வேண்டியதில்லை. ஆனால் இங்கே ஒரு விநோதம் இருக்கிறது. வண்டி மாறவில்லை, விலையோ வருஷத்தைப் பார்த்து இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஸ்லோன் முறையில் பழையதை மட்டம் தட்டுவதற்காவது ஒரு புது முகப்பு வேண்டியிருந்தது. நமக்கு அதுகூட வேண்டாம், ஆர்.சி. புத்தகத்தில் அச்சாகியிருக்கும் எண் போதும். வருஷாந்திர மாற்றத்தின் நஷ்டம் முழுவதும் நம் கையில், அதன் லாபம் யாரிடமும் இல்லை.

டிசம்பரில் இது உச்சத்துக்குப் போகும். டிசம்பர் மாதம் தயாரான வண்டி ஜனவரி பிறந்தால் ஒரு வயசு கூடியதாகக் கணக்கு. அதனால் ஷோரூம்காரர் வருஷக் கடைசியில் தள்ளுபடி தருகிறார், விவரம் தெரிந்தவர்கள் வேண்டாம் என்று ஒதுங்குகிறார்கள். இரண்டு பக்கமும் சரிதான். நாலைந்து வருஷத்தில் விற்றுவிடுவேன் என்கிறவருக்கு இன்று கிடைக்கும் பத்தாயிரம் ரூபாய் தள்ளுபடி அன்று மறுவிற்பனையில் போய்விடும். வண்டி உளுத்துக் கொட்டும்வரை ஓட்டுகிறவருக்கு அந்தப் பத்தாயிரம் சுத்த லாபம். ஏரிக்கரையில் பெரும்பாலானவர்கள் இரண்டாம் வகை என்பது என் எண்ணம். ஆனாலும் முதல் வகைக்காரரின் அறிவுரையைக் கேட்டு ஜனவரிக்காகக் காத்திருக்கிறார்கள்.

வருஷத்துக்கு முற்றிலும் பொருள் இல்லை என்று சொல்ல வரவில்லை. சட்டம் அதற்குப் பொருள் கொடுத்திருக்கிறது. வாடகை, சரக்கு வண்டிகளுக்கு எட்டு வருஷம்வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டினால் போதும். எட்டு முடிந்தால் வருஷாவருஷம் காட்ட வேண்டும், அதோடு டிங்கரிங், பட்டி, பெயின்ட், அலைச்சல். எட்டாம் வருஷத்தில் விலை சட்டென்று சரிவதற்கு இப்படி ஒரு நியாயம் இருக்கிறது. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே அப்படி எதுவும் இல்லை.

புகை விதிகள் மாறிய ஆண்டுகளும் அப்படியே. 2017 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-3 புகைத் தர வண்டிகளை விற்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் அந்த மார்ச் 29 அன்று சொன்னது. அடுத்த இரண்டு நாளில் நாடு முழுவதும் கடைகளில் தள்ளுமுள்ளு. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 வந்தது. இந்த இரண்டாவதுதான் ஓட்டிகளின் வாழ்க்கையை மெய்யாகவே தொட்டது. பெட்ரோல் ஆர்.இ.யில் கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்தது. டீசல் ஆப்பேயில் 435 சிசி எஞ்சினுக்குப் பதில் 599 சிசி, கூடவே ஐந்தாவது கியர். ஐஸ் பெட்டியோடு பாரம் ஏற்றிப் போகிறவருக்கு அந்த இழுவை கைமேல் பலன். புகை குறைந்ததும் நல்லதுதான், வண்டிக்குப் பின்னால் நடந்து போகிறவர்களும் நம் வீட்டு ஆட்கள்தாமே.

இழப்பு வேறு பக்கம். கார்புரேட்டரில் தண்ணீர் ஏறினால் ஒரு ஸ்க்ரூடிரைவரும் கொஞ்சம் பெட்ரோலும் போதும். கரையிலேயே கழற்றி, ஊதி, மாட்டிக் கிளப்பிவிடலாம். சென்சாரும் ஒயரிங்கும் உள்ள வண்டி நின்றால் ஸ்கேனர் வைத்திருக்கும் சர்வீஸ் சென்டருக்கு அதைக் கட்டி இழுக்க வேண்டும். இறால் அதுவரை காத்திருக்காது. உப்புக்காற்றில் ஒயர் முனைகளும் கனெக்டரும் பச்சை பிடிப்பது கடற்கரை ஓட்டிகள் எல்லோருக்கும் தெரிந்தது. பெரிய நகரத்தின் புகையை நினைத்துச் செய்த நல்ல மாற்றத்தின் பழுதுச் செலவை, சர்வீஸ் சென்டர் இல்லாத கரை ஊர் கொடுக்கிறது. இதற்காக பி.எஸ்.-6 வேண்டாம் என்பது அபத்தம். கருவியும் பயிற்சியும் உள்ளூர் மெக்கானிக்கின் கைக்கு வந்து சேராமலே மாடல் மட்டும் வந்துவிட்டது என்பதுதான் குறை.

உப்பை எந்த மாடல் வருஷமும் கணக்கில் வைப்பதில்லை. ஷோரூமிலிருந்து வரும் சரக்குத் தட்டு காய்கறிக்கும் சிமெண்டுக்கும் மீனுக்கும் பொதுவானது. மீன் பெட்டியிலிருந்து உருகி ஒழுகும் ஐஸ் தண்ணீரில் உப்பும் இருக்கும். அது தட்டின் மூலைகளில் தேங்கி, வெல்டிங் இணைப்பில் இறங்கி, கீழே சேஸிஸ்வரை அரித்துக்கொண்டு போகும். பொன்னேரிச் சந்தைக்குக் காய் ஏற்றிய ஏழு வருஷ வண்டி, பழவேற்காட்டில் மீன் ஏற்றிய மூன்று வருஷ வண்டியைவிட உறுதியாக இருக்கலாம். விலையில் மூன்று வருஷமே ஜெயிக்கும். கெட்டிக்கார வாங்குபவர் குனிந்து தட்டுக்கு அடியில் சாவியால் தட்டிப் பார்ப்பார், டங் என்கிறதா பொத்தென்று அமுங்குகிறதா என்று. என்னைக் கேட்டால் வண்டிக்கு முதல் விலை அந்தச் சத்தத்தில் இருக்க வேண்டும். புதிதாக வாங்குகிறவரும் தட்டுக்கு அடியில் துரு தடுக்கும் பூச்சு அடிக்கவும், தண்ணீர் வெளியேற இரண்டு துளை போடவும் செலவழித்தால், ஜனவரிக்காகக் காத்திருந்து சேர்த்த லாபத்தைவிட அது அதிகம் நிற்கும்.

மாடல் என்பதே இல்லாத ஒரு மூன்று சக்கர வண்டியும் வடசென்னையில் உண்டு. மீன்பாடி. காசிமேட்டில் மிதிவண்டியாக மீன் சுமந்தது, பழைய ஸ்கூட்டர், மொபெட் எஞ்சினைத் தாங்கி மோட்டார் வண்டியாயிற்று. முன்னால் இரண்டு சக்கரத்தின் மேல் தட்டு, பின்னால் ஒற்றைச் சக்கரத்தின் மேல் ஓட்டி. கனடாவில் புதுமை என்று விற்கப்பட்ட ஸ்பைடரின் அமைப்பு அப்படியே இது! இந்த அமைப்புக்கு ஒரு நற்குணம் உண்டு. பிரேக் பிடித்தபடி திரும்பும்போது பாரம் முன்னால் சாயும். முன்னால் இரண்டு சக்கரம் இருந்தால் அது தாங்கும். ஆட்டோவில் முன்னால் ஒற்றைச் சக்கரம் என்பதால் பாரத்தோடு வளைவில் பிரேக் போட்டால் கவிழும். ஐம்பது வருஷ ‘மாடல்’களில் ஒன்றுகூட நம் ஆட்டோவின் இந்த அடிப்படைக் கோளாறைத் தொடவில்லை. குறுகிய சந்தில் திரும்பும் வசதிக்காகவும், மலிவாகச் செய்ய முடிவதற்காகவும் அப்படியே விட்டுவிட்டார்கள். வருஷாந்திர மாற்றத்தின் பலவீனத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை, எளிதில் மாற்றக்கூடியதைத்தான் அது மாற்றும்.

ஆனால் மீன்பாடியைக் கொண்டாடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. உள்ளூர் அறிவு, ஏழையின் கண்டுபிடிப்பு என்று எழுதுவது சுலபம். ஒவ்வொரு வண்டியும் வெல்டர் கைக்கு வந்தபடி. பிரேக் எஞ்சினுக்கு ஈடாக இருப்பதில்லை, உயரமாக அடுக்கினால் ஓட்டிக்குச் சாலையே தெரியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இப்படி மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. பதிவு இல்லை, இன்சூரன்ஸ் இல்லை, அடிபட்டவருக்கு இழப்பீடும் கிடையாது. ஒரு வண்டியில் கண்ட தவறு அடுத்த வண்டியில் திருந்துவதற்கு அங்கே வழியே இல்லை. மாடல் மாற்றம் என்ற முறையின் மெய்யான பலம் இங்கேதான் புரியும். நேற்றைய குறையை எழுதிவைத்து நாளைய வண்டியில் சரிசெய்யும் ஒரு கணக்குப் புத்தகம் அது. அதை நிறத்துக்கும் ஸ்டிக்கருக்கும் செலவழிப்பதைத்தான் குறை சொல்ல வேண்டும்.

பேட்டரி வண்டியில் கதை திரும்புகிறது. சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி 2023-இல் மின்சார மூன்று சக்கர வண்டி விற்பனையில் இந்தியா சீனாவை முந்தியது. இந்த வண்டிகளில் வருஷம் பேசும். மஹிந்திராவின் ட்ரியோ ஸோர் 2020-இல் 7.37 யூனிட் பேட்டரியோடு, ஒரு சார்ஜில் சுமார் 80 கிலோமீட்டர் என்று வந்தது. இரண்டே வருஷத்தில் ஸோர் கிராண்ட் 10.24 யூனிட், 100 கிலோமீட்டர். பேட்டரிகள் தீப்பிடித்ததைத் தொடர்ந்து கடுமையாக்கிய ஏ.ஐ.எஸ்.-156 பாதுகாப்பு விதிகள் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தன. ஆகவே 2021 பேட்டரி ஆட்டோவும் 2024 பேட்டரி ஆட்டோவும் ஒன்றல்ல. இங்கே “என்ன மாடல்ண்ணே?” என்று கேட்காதவர் ஏமாந்துபோவார்.

அதோடு முடியவில்லை. பொன்னேரிக்குப் போய்வர இரண்டு மாடலும் போதும். சென்னைக்குப் போய்வர நூறு கிலோமீட்டருக்கு மேல், பாரத்தோடு போனால் சொன்ன தூரமும் குறையும். இடையில் சார்ஜ் போடாமல் இரண்டாலும் முடியாது. அப்படியானால் பொன்னேரியோடு நிற்கும் வியாபாரிக்கு 2022 மாடலின் கூடுதல் பேட்டரி வீண் செலவு, சென்னைக்குப் போகிறவருக்கு அரைத் தீர்வு. பழைய பேட்டரி வண்டி வாங்குகிறவருக்கு வருஷம் மட்டும் போதாது, பேட்டரியில் எத்தனை பங்கு உயிர் மிச்சம் என்பதும் தெரிய வேண்டும். அதை அளந்து எழுதிக் கொடுக்கும் வேலையை கம்பெனிகள் விற்பனையோடு சேர்த்துச் செய்தாக வேண்டும். அதுவரை, கையில் இருக்கும் டீசல் ஆப்பேயின் தட்டை மாற்றிக்கொண்டு இன்னும் இரண்டு வருஷம் ஓட்டுகிறேன் என்று ஏரிக்கரையில் ஒருவர் சொன்னால், பழமையில் ஊறியவர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். அவர் கணக்கு ஷோரூம்காரர் கணக்கைவிடச் சரியாக இருக்கிறது.