கடலும் மிதவையும்: ஓர் உயிரியல் உருவகம் பற்றிய மதிப்பீடு

இலக்கியத்தில் உருவகம் அணி. அறிவியலில் அது கருவி. அணி பிழைத்தால் செய்யுளின் சுவை குன்றும்; கருவி பிழைத்தால் மாணவனின் விளக்கமே பிழைத்துவிடும். கலமென்சவ்வைப் பற்றி நம் வகுப்பறைகளில் வழங்கும் உருவகம் ஒன்றை இந்நோக்கில் ஆராய்வோம்.

1972 ஆம் ஆண்டில் சிங்கர், நிக்கல்சன் ஆகிய இருவரும் பாய்மச் சித்திர மாதிரியை வெளியிட்டனர். மென்சவ்வு இறுகிய சுவரன்று. இருபடையாக அமைந்த இலிப்பிட்டுகளிடையே புரதங்கள் பதிந்தும் நகர்ந்தும் நிற்கும் பாய்மம் என்பது அவர்தம் துணிபு. புரதம் இலிப்பிட்டின் இருபுறமும் பூசப்பட்ட படையே என்ற பழைய கருத்தினும் இது பெரிதும் மேம்பட்டது. ஆயினும் வகுப்பறைக்குள் புகுந்தபோது அது ‘இலிப்பிட்டுக் கடலில் மிதக்கும் புரதங்கள்’ என்ற ஒற்றைத் தொடராகச் சுருங்கிற்று. வினை புரிவது புரதம், இலிப்பிட்டு வெறும் இடம் என்ற எண்ணம் வேரூன்றியது. இலிப்பிட்டுகளுள் ஒரு சிறு பகுதி புரதங்களோடு தனித்தொடர்பு கொள்ளக்கூடும் என மூலக் கட்டுரையே குறித்திருந்தது. அக்குறிப்பு கைவிடப்பட்டமை மூல ஆசிரியரின் குறையன்று, சுருக்கியோரின் குறை.

இழைமணியின் சைற்றோகுரோம் ஒட்சிடேசைச் சூழ்ந்துள்ள இலிப்பிட்டுகள் ஏனையவற்றினும் அசைவு குன்றியிருப்பதை 1973 இல் யோஸ்ற், கிரிபித் முதலியோர் காட்டினர். அவையும் நிலையாக ஒட்டியிருப்பனவல்ல, ஒரு செக்கனில் பல இலட்சம் முறை இடம் மாறுவன எனப் பின்வந்த ஆய்வுகள் திருத்தின. வேறு சிலவோ புரதத்தின் பள்ளங்களுள் தங்கி நிற்கின்றன. அவற்றின் கொழுப்பமில வால்கள் புரதத்தின் நீர்வெறுப்புப் பகுதிகளோடு பொருந்துகின்றன. தலைகள் எதிரேற்றமுள்ள அமினோவமிலங்களையும் ஐதரசன் பிணைப்புகளையும் நாடுகின்றன. இதனையும் ‘பிணைப்பு’ என்றே எழுதுவதால் மாணவர் பங்கீட்டுவலுப் பிணைப்பென மயங்குகின்றனர். நலிந்த விசைகள் பல ஒருங்குகூடிய இதனைப் ‘பற்று’ என்பதே தகும்.

சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. எல்லவின் மலைச்சரிவில் பறிக்கப்படும் தேயிலைக் கொழுந்தை நோக்குவோம். பச்சைத் தாவரங்களின் பச்சையவுருமணியில் ஒளியைக் கவரும் புரதம் மும்மூன்றாகக் கூடி நிற்கும். ஸ்பினாச்சுக் கீரையிலிருந்து பெற்ற அப்புரதத்தின் கட்டமைப்பு 2004 இல் துலங்கியபோது, மூன்றும் கூடுமிடத்தில் பொசுபற்றிடைல்கிளிசரோல் என்னும் இலிப்பிட்டு அமர்ந்திருக்கக் கண்டனர். அதனை நீக்கினால் மூவர் கூட்டுக் குலையும். நீரைப் பிளக்கும் ஒளித்தொகுதி இரண்டிலோ, நீலப்பசும் அல்கா ஒன்றில் 25 இலிப்பிட்டுகள் உள்ளமைந்திருப்பது 2009 இல் வெளியாயிற்று. கடல்நீர் கப்பலுக்கு ஆணியாவதில்லை, இலிப்பிட்டு ஆகிறது.

தொழிற்சாலையிலும் இவ்வுண்மை புலனாகும். உயிருள்ள இலையில் பொலிபீனோல் ஒட்சிடேசு என்னும் நொதியம் பச்சையவுருமணியிலும், கற்றெச்சின்கள் புன்வெற்றிடத்திலும் பிரிந்திருக்கின்றன. வாட்டிய கொழுந்தை உருட்டும்போது இடைநின்ற மென்சவ்வுகள் கிழிகின்றன. இரண்டும் சந்திக்க, ஒட்சிசன் சேர, இலை செம்பு நிறமாகிறது. நுண்ணுயிரின் வேலையல்லாத இதனை ‘நொதித்தல்’ என்பதும் இன்னொரு சொல்மயக்கமே. சிதைந்த இலிப்பிட்டுகளின் இலினோலெனிக்கமிலத்திலிருந்து தேயிலை மணத்தின் ஒரு கூறான எக்செனல் பிறக்கிறது. முன்பு புரதத்தைத் தாங்கிய பொருளே இப்போது மணமாகிறது. இதனை வெறும் இடம் என்பது எங்ஙனம் பொருந்தும்?

இது சொல்லாராய்ச்சி மட்டுமன்று. ஆய்வுகூட வசதி அருகிய தோட்டப்புறப் பாடசாலையில் படிக்கும் மாணவிக்குப் புத்தகத்தின் படமே ஆய்வுகூடம். அங்கு உருவகம் பிழைத்தால் அதைத் திருத்த வேறு வழியில்லை. அவள் தாய் நாள்தோறும் பறிக்கும் கொழுந்தோ அப்படத்தினும் நிறைவான பாடத்தைத் தன்னுள் வைத்திருக்கிறது.

கடல் என்ற உருவகத்தைக் களைந்துவிடுமாறு நாம் கூறவில்லை. இலிப்பிட்டுகளிற் பெரும்பாலானவை நகர்வன என்பது மெய்யே. ஆனால் சில பற்றி நிற்பன, சில தாங்கி நிற்பன என்ற வாக்கியமும் அதனோடு சேர்த்துக் கற்பிக்கப்படல் வேண்டும். மூலக் கட்டுரை விட்டுவைத்த இடத்தை நாமும் விட்டுவைப்பதே நேர்மை.