இலை இல்லாத இலைவண்டு

2023ஆம் ஆண்டில் மட்டும் இந்திய விலங்குப் பட்டியலில் 641 பெயர்கள் சேர்ந்தன. அவற்றில் 442 அறிவியலுக்கே புதியவை. இந்திய விலங்கியல் ஆய்வகத்தார் இந்தக் கணக்கை வெளியிட்டதும் நாளிதழ்கள் எண்ணைத் தலைப்பில் போட்டன. எண்ணிக்கை ஏன் இப்படி முன்னால் நிற்கிறது என்று கேட்டால், பெயரில்லாத உயிரைக் காப்பாற்ற முடியாது, முதலில் பெயர், மற்றதெல்லாம் பிறகு என்று பதில் வரும். அந்தப் 'பிறகு' எப்போது வரும் என்பதுதான் நெடுநாளாக என் கேள்வி.

ஓர் இனத்தை விவரித்துப் பெயரிடும் இனவிவரிப்பு லேசான வேலை அல்ல. ஒரே அச்சாகத் தெரியும் இரண்டு வண்டுகளை நுண்ணோக்கியின் கீழ் அறுத்து, ஆணுறுப்பின் வளைவைப் பார்த்துப் பிரித்தறிய வருடக்கணக்கான பயிற்சி வேண்டும். 1919, 1926, 1936 ஆகிய ஆண்டுகளில் வந்த சமரேந்திர மௌலிக்கின் மூன்று தொகுதிகள் இல்லாமல் இந்திய இலைவண்டுகளைப் பற்றிப் பேசவே முடியாது. இதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் இலைவண்டு இலையால் வாழ்வது. பல இனங்கள் ஒரே செடிக் குடும்பத்தை, சில சமயம் ஒரே செடியை, விட்டு நகராதவை. அந்தச் செடி எதுவென்று சொல்லாத விவரிப்பு, ஆளின் உயரத்தையும் மச்சத்தையும் எழுதிவிட்டு ஊரை எழுதாமல் விட்ட அடையாள அட்டை.

மும்பை மாதுங்கா மார்க்கெட்டின் மலையாளக் கடைகளில் குடம்புளி கறுத்துச் சுருண்டு மூட்டையில் கிடக்கும். அந்த மரத்தின் இலையைத் தின்னும் தென்னிந்திய வண்டு ஒன்றுக்கு 1865இல் ஜோசப் பேலி என்ற ஆங்கிலேயர் பொடோன்ஷியா காங்கிரகேட்டா என்று பெயர் வைத்தார். அதன் வாழ்க்கையைப் பற்றிய முதல் குறிப்புகளை கேரளத்து வெள்ளாயணியைச் சேர்ந்த கே. டி. பிரதாபன், கரோலின் சாபூவுடன் இணைந்து வெளியிட்டது 2011இல். குடம்புளி மரம், தன் கழிவையே முதுகில் பூசிக்கொள்ளும் புழு எல்லாம் அப்போதுதான் எழுத்தில் ஏறின. இடையில் 146 ஆண்டுகள். சமையலறைக்கு இவ்வளவு நெருக்கமான மரத்தில் இருந்த வண்டுக்கே இந்தக் கதி. பெயர் வைத்தால் போதும், மற்றது தானாக வரும் என்பவர்கள் இந்தக் கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டும்.

தாராவியை ஒட்டிய கழிமுகக் கரையில் நெய்வேலிக் காட்டாமணக்கு புதராக மண்டிக் கிடக்கிறது. ஒரு மழைக்காலக் காலையில் அதன் இலையைத் திருப்பினேன். அடியில் இலைவண்டுகளில் ஒன்றான ஆமைவண்டு, உருக்கி ஊற்றிய பொன் போல. பக்கத்து இலையில் அதன் புழு, தான் உரித்த தோல்களையும் எச்சத்தையும் வாலில் தூக்கிப் பிடித்துக் குடையாக்கியிருந்தது. இந்த வண்டைக் கொன்று ஊசியில் குத்தினால், உடலின் ஈரம் காயக் காய அந்தப் பொன் மங்கிப் பழுப்பாகிவிடும். காப்பகப் பெட்டியில் இருப்பது அந்தப் பழுப்பு. அதைப் பார்த்து எழுதுகிறவர் "நிறம்: மங்கிய பழுப்பு" என்று எழுதினால் அது பொய்யில்லை. ஆனால் அந்த வண்டும் இல்லை.

வண்டு எதைத் தின்கிறது என்பது ரசனைக்கான கூடுதல் தகவல் என்று நினைப்பவர்கள் பெங்களூரை நினைத்துப் பார்க்கட்டும். பார்த்தீனியக் களையை ஒழிக்க 1984இல் அங்கே மெக்சிகோ இலைவண்டைத் திறந்துவிட்டார்கள். சில ஆண்டுகளில் அது சூரியகாந்தியிலும் தென்பட, பெரும் சர்ச்சை கிளம்பியது. அந்த வண்டை வளர்ப்பதா விடுவதா என்ற விவாதம் முழுவதும் அது எதைத் தின்னும் என்பதைச் சுற்றியே நடந்தது. ஆணுறுப்பின் வளைவை அங்கே யாரும் கேட்கவில்லை.

செடியை ஏன் எழுதவில்லை என்று இனங்களை விவரிப்பவர்களைக் கேட்டால், காட்டுக்குள் போக அனுமதி கிடைப்பதில்லை, வலையில் சிக்கியதற்குச் செடி தெரியாது, விளக்கொளிக்கு வந்ததை எந்த மரத்தோடு சேர்ப்பது என்கிறார்கள். அனுமதிச் சிக்கல் உண்மைதான். இருந்தாலும் வண்டு பிடிக்க ஒருமுறை கிடைத்த அனுமதியில், அதே புதரின் இலைகளைத் திருப்பிப் பார்க்க அரைமணி நேரம் இல்லாமலா போய்விட்டது? ஆய்விதழ்கள் அந்த அரைமணியைக் கேட்க வேண்டும். தேடியும் செடி தெரியவில்லை என்றால், எங்கே, எத்தனை நாள், எந்தச் செடிகளில் தேடினோம் என்று எழுதச் சொல்ல வேண்டும். அதுவும் இல்லாத கட்டுரையைத் திருப்பி அனுப்ப வேண்டும். அதனால் அடுத்த பட்டியலில் 442 என்பது 200 ஆனாலும் சரி.