மினா ஷானெசியின் நூலும் திறந்த சேர்க்கையும்

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1970இல் அந்நகரில் உயர்நிலைப்பள்ளி முடித்த அனைவருக்கும் இடமளித்தது. அவ்வாறு நுழைந்தோரின் ஏறத்தாழ 4,000 கட்டுரைகளைப் பயின்று மினா ஷானெசி 1977இல் வெளியிட்ட ‘பிழைகளும் எதிர்பார்ப்புகளும்’ என்னும் ஆங்கில நூல், பிழையை அறியாமையின் சான்றாகக் கொள்ளவில்லை. கற்பவர் தாமே வகுத்துக்கொண்ட விதியின் விளைவாகக் கண்டது. ஆசிரியரையும் மாணாக்கராக்கிய அப்பார்வையே அந்நூலின் நிலைத்த பெருமை.

ஆயினும் அவருடைய கவனம் அடிப்படை எழுத்து வகுப்பிலேயே நிலைகொண்டது. பட்டப்படிப்பின் பாடத்திட்டம் யாருக்காக அமைந்தது என்னும் வினா விரிவு பெறவில்லை. வாயிலில் நிற்கும் வகுப்பை, உள்ளிருப்பதைத் தொடாமலே அகற்றிவிடலாம். 1976இல் கட்டணமில்லாக் கல்வி முடிவுற்றது. 1999இல் நான்காண்டுக் கல்லூரிகளிலிருந்து அடிப்படைத் திறன் வகுப்புகளை நீக்க அறங்காவலர் முடிவுசெய்தனர். சேர்க்கைச் சீர்திருத்தம் பாடத்திட்டத்துள் வேரூன்றாவிடின் நிலைக்காது என்பதற்கு இவ்வரலாறே சான்று.