சயனைடு மேடும் சூடோமோனாஸும்

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டபோது, நூறாண்டுக்கும் மேலாகப் பாறையை அரைத்துப் பொன்னைச் சயனைடு கரைசலில் கரைத்தெடுத்ததன் எச்சமாக மூன்று கோடி டன்னுக்கும் மேலான தூள், ஊரார் 'சைனைட் மேடு' என்றழைக்கும் குன்றுகளாக நின்றுவிட்டது. இத்தகைய கழிவின் நஞ்சைப் போக்கவல்லது எனப் பரிந்துரைக்கப்படுவது, மண்ணிலும் நீரிலும் வாழும் சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியப் பேரினம்.

பரிந்துரைக்கு அடிப்படை உண்டு. உயிரணுவின் சுவாசச் சங்கிலியில் கடைசியாக இயங்கும் நொதியை முடக்கியே சயனைடு உயிரைப் பறிக்கிறது. இப்பேரினத்தின் சில இனங்களோ, சயனைடால் முடங்காத மாற்று நொதியைக் கொண்டு மூச்சைக் காத்துக்கொள்வதுடன், அந்த நஞ்சிலுள்ள நைட்ரஜனையே உணவாகவும் எடுத்துக்கொள்கின்றன. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவிலுள்ள ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கம், பாதி நீரிலும் பாதி காற்றிலுமாகச் சுழலும் பெருந்தட்டுகளின்மேல் இவ்வகைப் பாக்டீரியாக்களைப் படரவிட்டு 1984 முதல் கழிவுநீரைச் சுத்திகரித்தது. அந்நீர் கலந்த ஒயிட்வுட் ஓடையில் ட்ரவுட் மீன்கள் மீண்டும் வாழத் தொடங்கின.

ஆயினும் அங்கே சுத்திகரிக்கப்பட்டது ஓடும் நீர். தங்கவயலில் நிற்பதோ உலர்ந்த மேடு. ஈரமும் கரிமச் சத்தும் இல்லாத தூளில் பாக்டீரியா தூவுவது பாறைமேல் விதைப்பதற்கு ஒப்பாகும். மேலும், திறந்த வெளியில் பிணைப்பின்றிக் கிடக்கும் சயனைடு வெயிலிலும் காற்றிலும் தானே குறைந்துவிட, இரும்போடு இறுகப் பிணைந்த சயனைடே நீடித்திருக்கும். அதைச் சிதைப்பது பாக்டீரியாவுக்கும் எளிதன்று. தூளில் உலோகங்கள் இருந்தால், தனிமங்களான அவற்றை எந்த உயிரியாலும் அழிக்கவே முடியாது. போதாக்குறைக்கு, சூடோமோனாஸ் இனங்களில் சில தாமே ஹைட்ரஜன் சயனைடை உண்டாக்குபவை; ஏருஜினோசா என்னும் இனம் தீப்புண்களில் தொற்றி உயிருக்கே உலை வைப்பது. எந்த இனம் என்று பாராமல் பேரினத்தின் பெயரை மட்டும் நம்புவது ஆபத்து.

இவற்றைவிட முக்கியமான குறை, இப்பரிந்துரை மேட்டின் பெயரிலுள்ள நஞ்சை மட்டும் பார்த்து, காற்றில் எழும் தூசியை மறந்துவிடுவதாகும். காற்றடிக்கும் மாதங்களில் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் வாழும் லைன் வீடுகளின் வாசலிலும் கொடியில் காயும் துணியிலும் படிவது, பாறையின் சிலிக்காவைச் சுமந்த மாவுபோன்ற துகள். சுரங்கத்துக்குள் தந்தையரின் நுரையீரலைச் சிலிக்கோசிஸ் நோயாக அரித்த அதே சிலிக்காவைப் பிள்ளைகள் மண்ணுக்கு மேலே சுவாசிக்க விடுவது எவ்வகையிலும் நியாயமன்று.

தூசியைக் கட்டுவது செடியின் வேர். சூடோமோனாஸ் புளோரசன்ஸ் என்னும் இனத்தை, ஒரு கிலோ விதைக்குப் பத்து கிராம் என்ற அளவில் கலந்து வேரழுகலைத் தடுப்பது தமிழக உழவர்கள் நன்கறிந்த முறை. தங்கவயலிலும் மேட்டின்மேல் நல்ல மண் பரப்பி, எருவிட்டு, அங்கு ஊன்றும் புல்லுக்கும் மரக்கன்றுக்கும் வேர்த்துணையாக இந்தப் பாக்டீரியாவைச் சேர்ப்பதே பொருத்தமானது. மண்ணும் செடியும் இல்லாமல் வெறும் தூள்மேல் அதைத் தெளிக்கும் எந்தத் திட்டத்துக்கும் பொதுப்பணத்தை ஒதுக்கக் கூடாது.